மீரியபெத்த: ஒரு மலைக்கிராமத்தின் புவியியலும் வரலாறும்

உயர்தர வகுப்பில் புவியியலும் வரலாறும் இரு வேறு பாடங்கள். இரண்டுக்கும் இரண்டு கொப்பிகள், இரண்டு பாடவேளைகள். நிலத்தைப் பற்றி ஒன்றில் படிக்கின்றோம். அந்த நிலத்தில் வாழ்ந்த மனிதரைப் பற்றி மற்றதில் படிக்கின்றோம். ஆனால் சில ஊர்களை இவ்வாறு பிரித்துப் படிக்க முடியாது. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த அத்தகைய ஓர் ஊர்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதிக்கு முன்னர் அந்தப் பெயரை அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே. அன்று காலை அங்கே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. மழை பெய்தது, மண் சரிந்தது என்று இதனை ஒரு வரியில் கூறி முடித்துவிடலாம். ஆனால் அந்த மக்கள் ஏன் அந்தச் சரிவிலே குடியிருந்தார்கள்? ஆபத்து என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள்? இக்கேள்விகளுக்கு மழைமானியில் விடை கிடைக்காது. நிலத்தையும் அதன் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் கிடைக்கும்.

அமைவிடம்

மீரியபெத்த, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லந்தை நகருக்கு அண்மையில் அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை ஊடாக வெல்லவாய நோக்கிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில் கொஸ்லந்தை இருக்கிறது. அதற்கு மேலே மலைகளில் பூனாகலை, மாக்கல்தெனிய முதலிய தோட்டங்கள் உள்ளன.

இப்பிரதேசத்தின் தரைத்தோற்றத்தை விளங்கிக்கொள்ள இரண்டு ஊர்களின் உயரத்தை ஒப்பிட்டாலே போதும். ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் நேர்கோட்டில் 20 கிலோமீற்றருக்கும் குறைவு. அதாவது மத்திய மலைநாடு இங்கே மெல்ல மெல்லத் தாழவில்லை, சுவரைப்போல் இறங்குகிறது. இதனைத் தென்புற ஓங்கல் சரிவு எனலாம். 263 மீற்றர் உயரமுள்ள பம்பரகந்த அருவியும், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள 220 மீற்றர் உயரமுள்ள தியலும அருவியும் இந்தச் சரிவிலேயே விழுகின்றன. சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்கு விருந்தாகும் அதே செங்குத்துத்தான் கீழே குடியிருப்போருக்கு ஆபத்தாகவும் அமைகிறது.

பெயரும் ஒரு செய்தி சொல்கிறது. ‘பெத்த’ என்பது சிங்களத்தில் காட்டைக் குறிக்கும் சொல். கொஸ்லந்தை என்பதிலுள்ள ‘கொஸ்’ பலாவையும் ‘லந்த’ பற்றைக்காட்டையும் குறிக்கும். காடு போய்த் தேயிலை வந்த பின்னரும் ஊர்ப்பெயர்களில் மட்டும் காடு நிலைத்துவிட்டது.

பாறையும் மண்ணும்

இலங்கையின் மலைநாட்டை ஆக்கியிருப்பவை கேம்பிரியனுக்கு முற்பட்ட மிகப் பழைய உருமாறிய பாறைகள். சார்னோக்கைட், படிகப்பார், நைஸ் என்பன அவற்றுட் சில. அயனமண்டல வெப்பத்திலும் மழையிலும் இப்பாறைகள் வானிலையாலழிதலுக்கு உட்பட்டு மண்ணாகின்றன. சரிவின் மேற்பகுதியில் உருவாகும் இம்மண்ணும் உடைந்த கற்களும் காலங்காலமாக உருண்டும் வழிந்தும் வந்து, சரிவின் நடுவிலும் அடியிலும் உள்ள பள்ளமான இடங்களில் தங்குகின்றன. இவ்வாறு தங்கிய திரள் பார்ப்பதற்கு உறுதியான நிலம்போலவே இருக்கும். மேடு பள்ளம் குறைந்திருக்கும். ஊற்று நீரும் கிடைக்கும். வீடு கட்ட வசதியான இடம் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அது அடியிலுள்ள பாறையோடு ஒட்டியிருப்பதில்லை. அதன்மேல் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரிவிலுள்ள மண்ணை இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கிறது. மண்துணிக்கைகளின் ஒட்டும் தன்மையும் உராய்வும் மரவேர்களும் அதனைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தச் சமநிலையைக் குலைப்பது நீர்.

பிட்டுக்கு மாக் குழைப்பதை நினைத்துப் பாருங்கள். அளவாகத் தண்ணீர் தெளித்தால் மா ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கூடிவிட்டால் கூழாகி ஓடும். சிறிது ஈரம் மண்ணையும் இவ்வாறே இறுக்கிப் பிடிக்கிறது. தொடர்மழையில் மண்ணின் நுண்டுளைகள் எல்லாம் நீரால் நிரம்பும்போது, அந்த நீரின் அமுக்கம் மண்துணிக்கைகளை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளுகிறது, உராய்வு குறைகிறது. அதேவேளை மண்ணின் நிறையும் கூடுகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். ஆகவே ஒரு ஹெக்டயரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் பத்து இலட்சம் லீற்றர், அதாவது 1000 தொன் நீர் விழுகிறது. அதில் எவ்வளவு கான்கள் வழியே ஓடுகிறது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதே சரிவின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இப்பகுதி ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டாம் இடைப்பருவப் பெயர்ச்சி மழையைப் பெறுகிறது. பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை இக்காலத்திற்குரியது. அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழை வருகிறது. ஊவாவின் மலைச்சரிவுகளில் ஆண்டின் கடைசி மாதங்கள் அச்சத்துடன் கழிவது இதனாலேயே.

வழிப்பாதையாக இருந்த மலை

கண்டி இராச்சிய காலத்தில் இம்மலைச்சரிவு குடியிருப்பைவிட வழிப்பாதையாகவே வரலாற்றில் பேசப்படுகிறது. ஊவாவின் மேட்டுநிலத்தையும் தென்கிழக்குச் சமவெளியையும் இணைக்கும் கணவாய்கள் இப்பக்கத்தில்தான் உள்ளன. 1630 ஆம் ஆண்டு பதுளையைத் தாக்கிவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் படை, வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் அழிக்கப்பட்டது. உப்பும் புடவையும் ஏற்றிய தவளப் பொதிமாடுகளும் ஊவாவின் பாதைகளால் சென்றன. இந்தத் தவள வணிகத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கிருந்ததை நாம் அறிவோம். 1817 இல் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்காரைப் பிரித்தானியர் மடிகே முகாந்திரமாக நியமித்தமை, ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடிப்பதற்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று.

பழைய மலைக்கிராமங்கள் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தன. பள்ளத்தாக்கில் வயல், அதற்குச் சற்று மேலே வீடும் வீட்டுத்தோட்டமும், அதற்கும் மேலே சேனை, உச்சியில் காடு. உச்சிக் காடு ஊற்றைக் காத்தது. மண்ணையும் பிடித்து வைத்திருந்தது. செங்குத்தான சரிவின் நடுவில் நிரையாக வீடு கட்டும் வழக்கம் அக்கிராமங்களில் இல்லை.

காடு தோட்டமாகியது

1818 இல் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது ஊவாவின் கிராமங்களும் வயல்களும் பெரும் அழிவுக்குள்ளாயின. அதன் பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவையாகக் கொள்ளப்பட்டு, தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. முதலில் கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பி இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1924 இல் ரயில் பாதை பதுளையை எட்டியது.

இந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஆரம்பக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்களில் பலர் வழியிலேயே இறந்தனர். வந்து சேர்ந்தவர்கள் கங்காணியின் கீழ்ப் பதியப்பட்டு, லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறையும் ஒரு சிறு முன்திண்ணையுமே ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது.

லயன் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. பெரட்டுக்களத்துக்கு அருகில் இருக்க வேண்டும், தண்ணீர் கிடைக்க வேண்டும், நல்ல தேயிலை மலையை வீணாக்கக்கூடாது என்பவையே கவனிக்கப்பட்டன. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களிற் பல, நான் மேலே குறிப்பிட்ட மண்ணும் கல்லும் வந்து தங்கிய பள்ளங்களாக இருந்தன. குடியிருந்தவர் தெரிவு செய்த இடமல்ல அது. புவியியலும் வரலாறும் சந்தித்துக்கொண்ட இடம் இதுவே.

தேயிலை பயிரிட்டதால்தான் மலை சரிகிறது என்று எளிதாகக் கூறிவிடவும் முடியாது. அடர்த்தியாக வளர்ந்த தேயிலை மழைத்துளியின் வேகத்தைத் தடுத்து மண்ணரிப்பைக் குறைக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் ஒழுங்காகத் துப்புரவு செய்யப்பட வேண்டும். கான் தூர்ந்தால், ஓட வேண்டிய நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். பழைய தோட்டத் தொழிலாளர்கள் கான் வெட்டுவதைக் கொழுந்து பறிப்பதற்கு நிகரான வேலையாகக் கருதியது காரணமில்லாமல் அல்ல.

நிலமில்லாத குடியிருப்பு

சுதந்திரத்தின் பின்னர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் விடயம் பின்னர் தீர்க்கப்பட வேண்டியதாக விடப்பட்டது. பிரசாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரச காணி கிடைக்காது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிர்வாகம் இருமுறை மாறியபோதும் லயன் அறைக்குரிய உரிமை மாறவில்லை. வேலை இருக்கும்வரை வீடு; வீட்டுக்கு உறுதி இல்லை.

உள்ளூராட்சியும் இவர்களை எட்டவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளின் வசதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அந்தச் சபை லயனுக்கு ஒரு பாதை போட முடியாது. 2018 இல்தான் இச்சட்டம் திருத்தப்பட்டது.

எச்சரிக்கையும் அந்தக் காலையும்

மீரியபெத்த மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும், மீண்டும் 2011 இலும் அறிவித்து, மக்களை வேறிடத்தில் குடியமர்த்துமாறு பரிந்துரைத்திருந்தது. எனவே அறிவு இல்லாததால் ஏற்பட்ட அனர்த்தம் அல்ல இது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது.

பின் ஏன் மக்கள் போகவில்லை? அறிவித்தோம், அவர்கள் போகவில்லை என்று ஒரு சாரார் கூறினர். போவதற்கு இடம் தரப்படவில்லை என்று மக்கள் கூறினர். போ என்ற சொல்லை லயன் அறையில் இருப்பவர் எப்படிக் கேட்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு காணியில்லை. தோட்டத்தை விட்டால் வேலையில்லை. பிள்ளைகளின் பாடசாலை, கறவை மாடு, லயனோரத்து மரக்கறித் தோட்டம், கோயில் எல்லாம் அங்கேதான். மழை விட்டதும் திரும்பி வருவதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன?

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, தொடர்மழையின் பின், காலை ஏழரை மணியளவில் மலை சரிந்தது. ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்கு மண்ணும் பாறையும் வழிந்து லயன்களை மூடின. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்ததாலும், தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போயிருந்ததாலும் உயிர் தப்பினர். திரும்பி வந்த பிள்ளைகள் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போனதாகக் கூறப்பட்டது. இறுதியில் 37 பேர் இறந்தவர்களாகவும் காணாமற் போனவர்களாகவும் கணக்கிடப்பட்டனர். அவர்களிற் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மலையே அவர்களுக்கு அடக்கத்தலமாயிற்று.

தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியவில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். 2016 இல் மாக்கல்தெனியவில் அவர்களுக்கென 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அதே மலைத்தொடரில், பாதுகாப்பான இடத்தில் காணி இருந்தது என்பதையும், கிடைத்தால் மக்கள் போவார்கள் என்பதையும் அந்த வீடுகள் காட்டின. முதல் எச்சரிக்கைக்கும் அந்த வீடுகளுக்கும் இடையில் 11 ஆண்டுகள்.

ஏனைய சரிவுகள்

மண்சரிவு தோட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க பகுதியில் சாமசர மலை சரிந்தபோது, சொந்தக் காணியில் வாழ்ந்த சிங்களக் கிராமத்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். மலைக்கு இனம் தெரியாது. ஆனால் ஆபத்து அறிவிக்கப்பட்ட பின் எழுந்து போவதற்கு எவருக்கு வழியிருக்கிறது என்பதில் வேறுபாடு உண்டு. 2023 மார்ச்சில் மீரியபெத்தவுக்கு அண்மையிலுள்ள பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் சேதமடைந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். பாடம் இன்னும் முடியவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

எமது கல்லூரியில் மலைப்பிரதேசங்களிலிருந்து வரும் மாணவியர் பலர் இருக்கின்றனர். அவர்களும் அவர்களது வீட்டாரும் அறிந்திருக்க வேண்டிய சில அடையாளங்கள் உள்ளன. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புகள் தோன்றி அகலித்தல்; மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல்; கதவு, யன்னல்கள் திடீரென இறுகுதல்; இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், அல்லது இருந்த ஊற்று வற்றுதல்; தெளிந்து ஓடிய நீர் சேறாக வருதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கு அறிவிப்பதோடு, மழை நேரமாயின் உடனே அவ்விடத்தை விட்டு நீங்க வேண்டும்.

மழையை அளப்பதும் கடினமல்ல. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாலே போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை.

ஆயினும் மீரியபெத்த எமக்குக் கற்பிப்பது இதற்கும் மேலான ஒன்று. எச்சரிக்கை பயன் தர மூன்று விடயங்கள் வேண்டும். ஆபத்தை அறியும் அறிவு வேண்டும். அது மக்களைச் சென்றடையும் வழி வேண்டும். போய் இருப்பதற்கு அவர்களுக்கென்று நிலம் வேண்டும். முதலாவதைப் புவியியல் தருகிறது. இரண்டாவதை நிர்வாகம் தர வேண்டும். மூன்றாவது ஏன் இத்தனை காலம் கிடைக்கவில்லை என்பதை வரலாறு சொல்கிறது. நாளை நம்மில் ஒருத்தி நிலஅளவையாளராகலாம், இன்னொருத்தி பிரதேச செயலாளராகலாம், வேறொருத்தி ஆசிரியையாகலாம். ஒரு சரிவின் வரைபடத்தைக் கையில் எடுக்கும்போது, அதில் சிவப்பு நிறம் தீட்டிய இடத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறெங்கே ஒரு பிடி மண் சொந்தமாக இருக்கிறது என்றும் கேட்கத் தெரிந்திருந்தால், நாம் இரண்டு பாடங்களையும் படித்ததற்குப் பொருள் உண்டு.